வலைக்கும் தூண்டிலுக்கும் வீட்டில் ஈயம் வார்க்க: எந்த வேலைக்கு எவ்வளவு கெட்டி?

ஈயக்குண்டு வார்க்கப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் பையில் நாலு துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இது நல்ல ஈயமா?" என்று கேட்கிறார்கள். எந்த வேலைக்கு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. தாமிரபரணியில் வீசுகிற வலைக்குப் பொருந்தும் ஈயம் இடிந்தகரைப் பாறையில் நாலு நாள் தாங்காது. பாறைக்குப் பொருந்துவதை வலையில் மாட்டப் போனால் கயிறு அறுந்துவிடும். வேலையை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ஈயத்தைத் தேட வேண்டும். கையில் கிடைத்த ஈயத்துக்கு வேலை தேடுகிற இடத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

கீழே இருப்பது நான் செய்கிற வரிசை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு தடவை முழுவதும் வாசித்துவிடுங்கள். ஈயம் உருகி நிற்கும்போது அடுத்து என்ன என்று யோசிக்க நேரம் இருக்காது.

1. வேலை எது? நசுக்குவதா, மோதுவதா?

வார்க்கப்போகும் துண்டைக் கையால் நசுக்கி மாட்டப்போகிறீர்களா, அல்லது அது கல்லில் மோதப்போகிறதா? இந்த ஒரு கேள்வி போதும்.

வீச்சுவலையின் அடிக்கயிற்றைச் சுற்றி மடித்து நசுக்கும் மணியும், தூண்டில் நரம்பில் பல் குறடால் அமுக்கும் பிளவுக்குண்டும் முதல் வகை. இவற்றுக்கு இளக்கமான ஈயம்தான் வேண்டும். கெட்டி ஈயத்தை மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். விரிசல் விடாமல் மடித்தாலும் சுத்தியலை ஓங்கிப் போட வேண்டியிருக்கும். அந்த அடியில் உள்ளே இருக்கும் கயிற்றின் இழை நசுங்கும். வலை அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். பத்து வீச்சு கழித்து அதே இடத்தில் அறும்.

கரையில் நின்று வீசி, விளைமீனுக்கும் களவாவுக்கும் பாறை இடுக்கில் இறக்கும் குண்டு இரண்டாவது வகை. இளக்க ஈயம் பாறையில் விழுந்து நசுங்கி, சந்தில் ஆப்பு அடித்தது மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இழுத்தால் வராது. துளையுள்ள குண்டாக இருந்தால் நரம்பு ஓடி ஓடித் துளையின் விளிம்பில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்து விளிம்பு நரம்பைச் சீவும். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் குண்டு கல்லில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

'கொஞ்சம்' என்பதைக் கவனியுங்கள். அதிகக் கெட்டி ஈயம் கண்ணாடிக் குணம் உடையது. கல்லில் பட்டால் வளையம் மாட்டிய காது உடைந்து, வளையம் மட்டும் உங்கள் நரம்பில் திரும்பி வரும்.

மணல் அடியில் சும்மா கிடக்கும் குண்டுக்கும், குளத்தில் ஜிலேபிக் கெண்டைக்குப் போடும் மிதவைத் தூண்டிலுக்கும் எது கிடைத்தாலும் போதும். அங்கே கெட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

2. கையில் இருப்பது என்ன என்று அறிவது

நம் ஊரில் 'ஈயம்' என்ற சொல்லே பாதிக் குழப்பம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம். நாம் வார்ப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயத்தின் எடை காரீயத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. விலையோ பல மடங்கு. பாட்டியின் ஈயச்சொம்பைக் குண்டாக்க நினைக்காதீர்கள். அதேபோல், காரீயம் உருக்கிய எந்தப் பாத்திரமும் சமையல் பக்கம் போகக் கூடாது.

காரீயத்தைக் கெட்டியாக்குவது முக்கியமாக ஆன்டிமனி என்ற இன்னொரு உலோகம். வெள்ளீயம் கொஞ்சம் கெட்டியாக்கும், அச்சின் மூலை முடுக்கில் நன்றாக ஓடவைக்கும். பழைய இரும்புக் கடையில் கிடைப்பவற்றை இப்படிப் பிரிக்கலாம்.

பழைய கேபிள் உறை, பழைய ஈயக் குழாய், ஈயத் தகடு: பெரும்பாலும் தூய காரீயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கெட்டி அளக்கும் பிரினெல் கணக்கில் தூய காரீயம் சுமார் 5.

டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்க்கும்போது ரிம்மில் மாட்டும் எடை: கொக்கி வைத்த வகையில் நூற்றுக்கு 2 முதல் 4 வரை ஆன்டிமனி இருக்கும். பிரினெல் 10-ஐ ஒட்டி வரும். பசையால் ஒட்டும் வகை பெரும்பாலும் இளக்கமானது. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒட்டும் வகையை வலைக்கும் கொக்கி வகையைப் பாறைக்கும் ஒதுக்கலாம்.

பழைய அச்சகத்து எழுத்து: மிகவும் கெட்டி. நூற்றுக்கு 12 முதல் 25 வரைகூட ஆன்டிமனி, கூடவே வெள்ளீயமும் இருக்கும். இதை அப்படியே குண்டாக வார்க்கக் கூடாது, உடையும். குழம்புக்குப் புளி மாதிரி, கலப்பதற்கு மட்டும்.

சால்டரிங் ஈயம்: வெள்ளீயம் அதிகம், விலையும் அதிகம். ஒரு துண்டு போட்டால் ஓட்டம் நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

பேட்டரித் தகடு: தொடவே தொடாதீர்கள். ஆசிட் ஊறிய தகட்டில் பாதிக்கு மேல் கசடுதான் தேறும். இப்போதைய பேட்டரிகளில் கால்சியம் கலந்திருக்கும். அந்தக் கசடில் அப்புறம் ஈரம் பட்டால் ஆர்சீன், ஸ்டிபீன் என்ற கொடிய நச்சு வாயுக்கள் கிளம்பக்கூடும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படியும் பழைய பேட்டரி மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும், உங்கள் அடுப்புக்கு அல்ல.

3. துத்தநாகத்தைப் பொறுக்கி எடுப்பது

இதைத் தவிர்த்துவிட்டு உருக்கினால் சட்டி முழுவதும் பாழாகும். இப்போது வரும் வீல் எடைகளில் நிறைய துத்தநாகம், அல்லது இரும்பு. முதுகில் 'இசட்-என்' என்று குத்தியிருந்தால் துத்தநாகம், 'எஃப்-ஈ' என்றிருந்தால் இரும்பு. எழுத்து அழிந்திருந்தால் சிமெண்டுத் தரையில் போட்டுப் பாருங்கள். காரீயம் தொப்பென்று விழும், துத்தநாகம் 'ணங்' என்னும். பக்கவாட்டு வெட்டுக் குறடால் கடித்தும் பார்க்கலாம். ஈயத்தில் பல் இறங்கும், துத்தநாகத்தில் கீறல்தான் விழும். இன்னும் சந்தேகம் என்றால் உரசிய இடத்தில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துத்தநாகம் பொங்கி நுரைக்கும், காரீயம் சும்மா இருக்கும். கையுறை போட்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

ஒரு தடவை அவசரத்தில் நான் பார்க்காமல் போட்டேன். இரண்டே துண்டுதான் போயிருக்கும். சட்டியில் ஈயம் தண்ணீர் மாதிரி நிற்காமல் கேப்பைக் கூழ் மாதிரி திரண்டது. கரண்டியில் எடுத்தால் விளிம்பில் தொங்கியது. ஆறு கிலோவும் போச்சு. சூட்டைக் கூட்டினால் சரியாகும் என்று கூட்டியது இன்னொரு தப்பு. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். அதற்குக் கீழே சூட்டை வைத்திருந்தால் துண்டு உருகாமல் மேலே மிதந்திருக்கும், கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கலாம்.

4. கெட்டியை வீட்டில் அளப்பது

நகத்தால் கீறிப் பார்ப்பது முதல் சோதனை. தூய காரீயத்தில் கட்டைவிரல் நகம் பதியும், கொக்கி வீல் எடையில் வழுக்கும். இளக்கமா கெட்டியா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கலவை செய்யப் போகிறவர்களுக்குப் போதாது.

நான் செய்வது சைக்கிள் பால்ஸ் சோதனை. பால்ஸ் என்பது பேரிங்கில் இருக்கும் எஃகு உருண்டை. தூய காரீயம் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டை எப்போதும் தனியாக வைத்திருக்கிறேன். அதையும் சோதிக்க வேண்டிய துண்டையும் தட்டையாக அரம் போட்டு, நடுவில் கால் அங்குல சைக்கிள் பால்ஸ் ஒன்றை வைத்து, வைஸில் மூன்றையும் சேர்த்து இறுக்க வேண்டும். பால்ஸ் இரண்டு பக்கமும் ஒரே பலத்தில்தான் அழுத்தும். பிரித்துப் பார்த்தால் இளக்கமான பக்கத்தில் பெரிய குழி, கெட்டியான பக்கத்தில் சின்னக் குழி.

குழியின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். பெரியதைச் சின்னதால் வகுத்து, வந்ததை அதனாலேயே ஒருமுறை பெருக்குங்கள். காரீயத்தில் 2.8 மில்லிமீட்டர், மற்றதில் 2 மில்லிமீட்டர் என்றால் 1.4, அதை 1.4-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2. அதாவது மற்றது இரண்டு மடங்கு கெட்டி, பிரினெல் சுமார் 10. பால்ஸ் பாதி முங்கும்வரை இறுக்காதீர்கள். குழி ஆழமானால் கணக்கு தப்பும்.

வைஸ் இல்லாதவர்கள் படம் வரையும் பென்சில் பெட்டி ஒன்று வாங்கலாம். முனையைத் தட்டையாகத் தேய்த்து, மிக மிருதுவான 6பி-யில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுங்கள். எந்தப் பென்சில் முதலில் வழுக்காமல் உலோகத்தைச் சீவுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தூய காரீயத்துண்டிலும் அதையே செய்து ஒப்பிட வேண்டும். பென்சிலுக்குப் பென்சில் மாறும் என்பதால் ஒரே பெட்டியை வைத்திருங்கள்.

5. கலவைக் கணக்கு

என் அனுபவத்தில் வலை மணிக்கு எதுவும் கலக்காத காரீயம். பாறைக்கு நூற்றுக்கு 3 ஆன்டிமனி. நடுவில் ஒன்று வேண்டும் என்றால் ஒன்றரை. இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

கொக்கி வீல் எடை மட்டும் என்றால் அதுவே ஏறக்குறைய 3, அப்படியே பாறைக்குப் போகலாம். அதையும் தூய காரீயத்தையும் சரிபாதி கலந்தால் ஒன்றரை. அச்செழுத்து என்றால் ஆன்டிமனி 15 என்று வைத்துக்கொண்டு 1 கிலோ எழுத்துக்கு 4 கிலோ காரீயம் போடுங்கள். 5 கிலோவில் 150 கிராம், நூற்றுக்கு 3. எழுத்துக்கு எழுத்து அளவு மாறும் என்பதால் முதலில் அரை கிலோ கலந்து, ஒரு பாளம் ஊற்றி, பால்ஸ் சோதனை செய்துவிட்டு மீதியைக் கலக்குங்கள்.

ஆன்டிமனியைத் தனியாக வாங்கிச் சட்டியில் போட்டுக் கலக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது உருக 630 டிகிரி வேண்டும். நம் அடுப்பில் அது மேலே மிதந்துகொண்டே இருக்கும், அதற்காகச் சூட்டை ஏற்றினால் காரீயப் புகைதான் மிச்சம்.

கெட்டியாக்கினால் எடை குறையுமே என்ற கவலை வேண்டாம். 100 கிராம் காரீயம் பிடிக்கும் அச்சில் 3 ஆன்டிமனிக் கலவை 98 கிராம் பிடிக்கும். மீனுக்கு வித்தியாசம் தெரியாது.

6. இடம், பாத்திரம், உடுப்பு

சமையலறையில் உருக்கக் கூடாது. திண்ணையிலும் வேண்டாம். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொள்ளுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது அடுப்புக்கு மேற்கே நிற்பது சரி. ஆனால் தென்காசிப் பக்கம் அந்த மாதங்களில் சாரல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாரல் வாடை தெரிந்தாலே அன்றைக்கு வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

காரணம் தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஈரம் போய்விட்டால் அது நொடியில் ஆவியாகி, மேலே இருக்கும் ஈயத்தை வாரி அடிக்கும். எனக்கு அது நடந்தது கடலிலிருந்து மீட்ட ஒரு பழைய குண்டால். வெளியே காய்ந்துதான் இருந்தது. துளைக்குள் உப்பும் ஈரமும் இருந்திருக்கிறது. போட்ட மறுநொடி 'டப்' என்று ஒரு சத்தம். கணுக்காலில் பட்டாணி அளவு ஈயம் ஒட்டி, தட்டிவிடும் முன் தோலோடு வந்தது. அன்றைக்கு நான் கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு நின்றிருந்தேன்.

ஆகவே பருத்தியில் முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி, தோல் கையுறை. பாலியஸ்டர் வேண்டாம், சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பக்கத்தில் தண்ணீர் வாளி வைக்காதீர்கள். காய்ந்த மணல் வாளி வையுங்கள்.

பாத்திரம் இரும்பு மட்டுமே. அலுமினியச் சட்டி அடியில் இளகி உடையும். நாக முலாம் பூசிய வாளியில் துத்தநாகம் இருக்கிறது, அதைத்தான் இவ்வளவு நேரம் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். காரீயம் இந்த அளவு தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. 400 டிகிரிக்குக் கீழே ஆவி குறைவுதான். ஆபத்து மேலே படியும் சாம்பல் நிறப் பொடியில் இருக்கிறது. கையில் ஒட்டி, வடையோடும் பீடியோடும் வாய்க்குள் போவது அதுதான். வேலை முடியும்வரை எதையும் தின்னாமல், குடிக்காமல், புகைக்காமல் இருங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

7. முதல் நாள்: உருக்கிச் சுத்தம் செய்து பாளமாக ஊற்றுவது

சுத்தம் செய்வதையும் குண்டு வார்ப்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீல் எடையின் பெயிண்டும் கிரீசும் கருகும் புகையில் நின்றுகொண்டு அச்சைக் கவனிக்க முடியாது.

எல்லாத் துண்டுகளையும் ஆறிய சட்டியில் போட்டு, அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். உலோகம் சூடாகும்போதே ஈரம் போய்விடும். நடுவில் சேர்க்க வேண்டியிருந்தால் துண்டைச் சட்டி விளிம்பில் வைத்து நன்றாகச் சுட்டபின் குறடால் மெல்ல இறக்குங்கள்.

சூடு 350 முதல் 400 டிகிரி. ஈயத்துக்குள் முக்கும் வெப்பமானி இருந்தால் நல்லது. தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கி வெப்பமானி பளபளப்பான ஈயத்தின் மேல் குறைத்துக் காட்டும், நம்பாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் காய்ந்த செய்தித்தாளை மடித்து முனையை முக்குங்கள். மெல்லப் பழுப்பானால் சரி. பட்டென்று பற்றினால் அதிகச் சூடு.

உருகியதும் இரும்புக் கொக்கிகள் மிதக்கும், எடுத்துவிடுங்கள். மேலே படியும் சாம்பலை உடனே வழிக்காதீர்கள். அதில் உங்களுக்கு வேண்டிய ஆன்டிமனியும் வெள்ளீயமும் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த மரத்தூள் ஒரு கைப்பிடி போட்டு, அடியிலிருந்து கிளறுங்கள். பக்கென்று தீப்பிடிக்கும், பயப்பட வேண்டாம். தூள் கருகும்போது அந்த உலோகம் மறுபடி ஈயத்தில் இறங்கும். கரும்பொடி மட்டும் மிஞ்சியபின் வழித்து, இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பாளமாக ஊற்றியதும் ஆணியால் கலவையை எழுதிவையுங்கள். 'வலை', 'பாறை' என்று எழுதினாலே போதும். ஆறிய பின் எல்லாப் பாளமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

8. இரண்டாம் நாள்: அச்சில் வார்ப்பது

கடையில் விற்கும் அலுமினிய அச்சு இருந்தால் சரி. நான் பயன்படுத்துவது மாக்கல். உடைந்த கல்சட்டித் துண்டு இரண்டைத் தேய்த்து, கத்தி முனையால் குடைந்தது. சூடு தாங்கும், ஈயம் ஒட்டாது. பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அச்சும் சிமெண்டு அச்சும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். காய்ந்தது போல் தெரிவதை நம்பி ஊற்றியவர்கள் புருவத்தை இழந்திருக்கிறார்கள்.

அச்சைச் சட்டி ஓரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். உள்பக்கத்தை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டினால் மெல்லிய கரி படிந்து, குண்டு எளிதாகக் கழலும். வளையத்துக்குப் பித்தளைக் கம்பி வையுங்கள். கட்டுக்கம்பி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து அறும்.

ஊற்றும்போது நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். அச்சின் வாயில் சிறிது குவித்து விடுங்கள். ஈயம் உறையும்போது சுருங்கி அந்தக் குவியலிலிருந்துதான் உறிஞ்சும். தூய காரீயம் கூடுதலாகச் சுருங்கும், ஆகவே வலை மணிக்குக் குவியல் பெரியதாக வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே குழி விழுந்து, நசுக்கும்போது அந்த இடத்தில் பிளக்கும்.

குண்டின் மேல் சுருக்கம் சுருக்கமாக இருந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது. பனி படர்ந்தது போல் மங்கலாக இருந்தால் சூடு அதிகம். முதல் நாலைந்து எப்படியும் சுருக்கமாகத்தான் வரும், மறுபடி சட்டியில் போடுவதற்கே அவை.

குண்டைச் சீக்கிரம் ஆற வைக்கத் தண்ணீரில் போடாதீர்கள். ஈரக் கை, ஈரக் குறடு சட்டிக்குத் திரும்பும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆன்டிமனி உள்ள ஈயம் சட்டென்று குளிர்ந்தால், அதிலும் வீல் எடையில் இருப்பது போலத் துளி ஆர்சனிக் இருந்துவிட்டால், அடுத்த சில நாட்களில் தானாகவே கெட்டியாகிக்கொண்டே போகும். அளந்து கலந்த கணக்கெல்லாம் வீண்.

9. மாட்டும் முன் ஒரு சோதனை

மெதுவாக ஆறிய கலவையும்கூடச் சில நாளில் கொஞ்சம் கெட்டியாகும். அதனால் வார்த்த அன்றே முடிவு சொல்லாமல் ஒரு வாரம் விட்டுச் சோதியுங்கள்.

வலை மணி ஒன்றை எடுத்து, கயிற்றுக்குப் பதில் ஒரு தென்னை ஈர்க்கைச் சுற்றிக் குறடால் மடியுங்கள். மறுபடி பிரித்துப் பார்த்தால் மடிப்பில் கோடு இருக்கக் கூடாது, ஈர்க்கு முறிந்திருக்கக் கூடாது. பாறைக் குண்டை இடுப்பு உயரத்திலிருந்து கருங்கல் மேல் நாலு தடவை போடுங்கள். விளிம்பு லேசாக மழுங்கலாம். தட்டையாகிவிட்டால் இளக்கம், அடுத்த உருக்கில் அச்செழுத்து சேருங்கள். காது உடைந்தால் கெட்டி, காரீயம் சேருங்கள்.

பட்டாணிக்கும் சின்னதாக வரும் குண்டுகளைக் குளத்தங்கரையில் சிந்தாதீர்கள். கூந்தன்குளத்துப் பக்கம் வரும் வாத்துகள் இரை அரைக்கக் கூழாங்கல் விழுங்குகிறவை. ஈயமும் அதனோடு உள்ளே போகும். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் 1987-ல் 28 கிராம் வரையிலான சின்ன ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்குத் தடை செய்தார்கள்.

வழித்த கசடு டப்பாவைத் தென்னந்தூரில் கொட்டக் கூடாது. மழை படாத இடத்தில் மூடி வைத்து, நிறைந்ததும் ஈயம் மறுசுழற்சி செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.